குடல்வால் கட்டி: எடுத்தது போதுமா, இன்னொரு அறுவை வேண்டுமா?

வயிற்றுவலியோடு பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், குடல்வாலை எடுத்துவிட்டு வீடு திரும்பியாயிற்று. அப்புறம் ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு, ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்திருக்கிறது என்கிறார். குடல்வால் கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகின்றன. ஸ்கேனில் முன்கூட்டியே சிக்குபவை குறைவு. உடனே வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். மாமா வலப்பக்கப் பெருங்குடலையும் எடுத்துவிடச் சொல்வார், அத்தை வேண்டவே வேண்டாம் என்பார்.

பரவலாகக் காணப்படும் நியூரோஎண்டோகிரைன் கட்டியை, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டியை, முதலில் பார்ப்போம். 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்து முழுசாக நீக்கப்பட்டிருந்தால் அத்தோடு சரி. 2 செ.மீ.க்கு மேல் என்றால் பெருங்குடல் அறுவைதான் வழக்கம். இழுபறியெல்லாம் இடைப்பட்ட அளவில்.

பெரிய அறுவைக்கு ஒரு நியாயம் உண்டு: நிணநீர் முடிச்சுகளும் சேர்ந்து வந்துவிடும். 2023இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, கட்டி 1 முதல் 2 செ.மீ. வரை இருந்து முழுசாக நீக்கப்பட்ட 278 பேரை ஒப்பிட்டது. பெரிய அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முடிச்சில் பரவல் இருந்தது. ஆனாலும் குடல்வாலை மட்டும் எடுத்தவர்களின் ஆயுள் அதனால் குறையவில்லை. பெரிய அறுவையிலோ தையல் கசியும் ஆபத்து உண்டு. சிலருக்கு வயிற்றுப்போக்கு நீண்ட நாள் நிற்காது. அதனால் இந்த அளவில், வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சமில்லாமல் இருந்தால், என் ஓட்டு அத்தை பக்கம்தான்.

ஆனால் ரிப்போர்ட்டில் ‘கோப்லெட் செல் அடினோகார்சினோமா’ (சளி சுரக்கும் செல்களைக் கொண்ட ஒருவகைப் புற்றுநோய்) என்று இருந்தால் மாமா சொல்வதே சரி. அளவு சிறிதென்று விட முடியாது. வலப்பக்கப் பெருங்குடலை எடுப்பதே பொதுவான சிகிச்சை.

சளி போன்ற திரவம் நிரம்பி வீங்கிய குடல்வால் வேறு கதை. அதில் பெரும்பாலும் எவ்வளவு வெட்டினார்கள் என்பதைவிட, உடையாமல் எடுத்தார்களா என்பதே முக்கியம். உடைந்து செல்கள் வயிற்றறையில் சிதறினால், பின்னாளில் வயிறு முழுக்கச் சளி சேரலாம். அந்த நிலையில் படிந்ததையெல்லாம் அகற்றி, சூடேற்றிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடும் நீண்ட அறுவை தேவைப்படலாம்.

எனவே முடிவெடுக்கும் முன் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வகை, அளவு, வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சமா, பக்கத்துக் கொழுப்புக்குள் 3 மி.மீ.க்கு மேல் ஊடுருவியதா, செல் பெருகும் வேகத்தைச் சொல்லும் கேஐ-67 எவ்வளவு என்று பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால், அதே திசுவை இன்னொரு நோயியல் நிபுணரும் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.