டேக்டிக்ஸ் செயலியோடு மூன்று வருடம்

செஸ் புதிர்கள் போட்டுப் பழகும் செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, கட்டலாமா என்று கூட விளையாடும் நண்பர் கேட்டார். நான் கட்டுவது இது மூன்றாவது வருடம். காலையில் பஸ்ஸில் 20 புதிர், இரவில் 10. விட்ட நாள் அதிகம் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரை ஃபோர்க் (ஒரே குதிரையால் இரண்டு காய்களைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் நிற்பது நகர முடியாமல் மாட்டுவது), கடைசி வரிசை மேட் (ராஜாவைக் கடைசி வரிசையிலேயே மடக்குவது) எல்லாம் இப்போது தேடாமலே கண்ணில் படுகின்றன. முன்பெல்லாம் ஆட்டத்துக்கு ஒரு காயாவது சும்மா தூக்கிக் கொடுப்பேன். அது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தவறவிட்ட புதிரைச் சில நாள் கழித்து மறுபடி கொண்டுவந்து நிறுத்துகிறதே, அதற்காக மட்டுமே காசு கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. புதிர் என்று திரையில் வந்தாலே இங்கே அடி இருக்கிறது என்று சொன்ன மாதிரிதான். ஆட்டத்தில் அதை யார் வந்து சொல்வார்கள்?

போன ஞாயிறு ஒரு போட்டி. எதிராளி கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்கியிருந்தார், எஃப்6 கட்டத்தில் நின்று எச்7ஐக் காக்க வேண்டிய அவருடைய குதிரை வேறு பக்கம் போய்விட்டது. என் பிஷப் டி3இல், குதிரை எஃப்3இல். குதிரை நகர்ந்தால் ராணிக்கு எச்5 வரை வழி திறக்கும். 1620களிலேயே இத்தாலிய ஆட்டக்காரர் கிரேக்கோ எழுதி வைத்த பலி இது, அதாவது பிஷப்பைத் தெரிந்தே கொடுத்து ராஜாவைத் தாக்குவது. செயலியில் நூறு முறையாவது பார்த்திருப்பேன். கை தானாகப் போனது. பிஷப்பால் எச்7 சிப்பாயை வெட்டி செக், அவர் ராஜாவால் வெட்டினார். குதிரை ஜி5, செக். ராஜா ஜி8. ராணி எச்5. அடுத்தது எச்7இல் மேட்.

அவர் நிதானமாக சி8 பிஷப்பை எஃப்5இல் கொண்டுவந்து வைத்தார். எச்7 காப்பாற்றப்பட்டுவிட்டது. என் ராணியால் அந்த பிஷப்பை வெட்டவும் முடியாது, நடுவில் ஜி5இல் நிற்பது என் குதிரையேதான். அப்புறம் தோற்க அதிக நேரம் ஆகவில்லை.

வீட்டில் பலகையை விரித்துப் பார்த்தால் காரணம் இ6. நான் போட்ட புதிர்களில் பெரும்பாலும் கறுப்பின் சிப்பாய் ஒன்று இ6இல் நின்று சி8 பிஷப்பை அடைத்துக்கொண்டிருக்கும். என் ஆட்டத்தில் அது எப்போதோ வெட்டுப்பட்டிருந்தது. பலி எடுபடாத நிலைகளையும் கலந்து கொடுத்து, இங்கே அடிக்கலாமா கூடாதா என்று கேட்டிருந்தால் இ6ஐப் பார்க்கப் பழகியிருப்பேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதோடு கடிகாரம் வேறு. நின்று யோசித்தால் புள்ளி குறைகிறது, அதனால் யோசிக்காமல் அடிக்கத்தான் பழகுகிறோம்.

இந்த வாரம் முழு ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கிறேன். முதலில் எடுத்தது 1858இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி ஆடியது. மொத்தம் 17 நகர்வு. செயலியில் அது 16வது நகர்வில்தான் தொடங்கும்: ராணியை பி8இல் கொடுத்து, டி8இல் யானையால் மேட். முதலிலிருந்து ஆடினால்தான் தெரிகிறது, கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் கடைசி வரை இடத்தைவிட்டு அசையவே இல்லை. மார்ஃபியின் யானைகள் இரண்டும் அதற்குள் டி வரிசைக்கு வந்து வேலை செய்துவிட்டன.

நண்பரிடம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் வகை பிரித்த புதிர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் சந்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இன்று காலையும் பஸ்ஸில் 20 போட்டேன்.