கதிர்காம நடைக்கு இளையவர்கள்: உகந்தையில் சேர்ப்பதா, மண்டூருக்கு நடத்திப் பழக்குவதா?

மட்டக்களப்பிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பழைய குழுக்கள் பலவற்றுக்கு இப்போது ஒரே கவலைதான். வேல் தூக்குபவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அடுப்புப் பார்க்கும் அம்மாவுக்கு எழுபது. எங்கள் குழுவும் அப்படித்தான் இருக்கிறது. பாதயாத்திரைக்கு இளையவர்களே வருவதில்லை என்றில்லை. காட்டுப் பாதை திறக்கிற அன்று அது தொடங்கும் உகந்தை முருகன் கோயில் வாசலில் நின்று பார்த்தால் இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள் திரள்திரளாக நிற்பார்கள். பஸ்ஸில் பாணமை வரை வந்து, நண்பர்களோடு நாலைந்து நாளில் காட்டைக் கடந்து, மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தொடங்கி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர் ஊராகத் தங்கிப் போகும் குழுக்களில்தான் ஆள் குறைந்துகொண்டே போகிறது.

இந்தக் குழுக்கள் போனால் கூடவே போகப்போவது ஒரு பெரிய அறிவு. காட்டு வழியிலுள்ள குமுக்கன் ஆற்றின் காய்ந்த மணலில் எந்த வளைவில் தோண்டினால் ஊற்று வரும், நாவலடிக்கும் வியாழைக்கும் இடையில் எந்த மர நிழலில் பகல் வெயிலைக் கழிக்கலாம், யானைத்தடம் புதிதாகத் தெரிந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. கொரோனாக் காலத்தில் பாதை மூடிக்கிடந்தது. அப்போது விட்டுப்போன நடையை மூட்டு வலியால் மறுபடி தொடங்க முடியாமற்போன பெரியவர்கள் பலர். அவர்களோடு அந்த அறிவில் ஒரு பங்கும் வீட்டுக்குள் இருந்துவிட்டது.

எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் யோசனைகள் சில உண்டு. ஃபேஸ்புக்கில் படம் போடுவது, பெயர் அச்சடித்த ரீ-சேட் கொடுப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து விரும்புகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், வருவதில்லை. செலவு குறைவு என்பதால் செய்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

“மாமாங்கத்திலிருந்து முழுதாக நடக்கிறவர் மட்டும்தான் குழுவின் ஆள்” என்று நிற்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களுடைய உறுதியை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடந்து வருகிறவர்களை வழியில் வரவேற்று வளர்ந்தவர்கள் அவர்கள். அரைநடை அவர்களுக்குக் குறையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலே நூறு கிலோமீற்றருக்கு மேல். கோயில் கோயிலாகத் தங்கி, காட்டையும் கடந்து போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும். கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை செய்யும் பிள்ளைக்குச் சட்டப்படி வருடாந்த விடுமுறை 14 நாள், அமைய விடுமுறை 7 நாள். அதில் வீட்டு விசேஷம், வருத்தம், துக்கம் எல்லாம் அடங்க வேண்டும். முழு நடை ஓய்வூதியம் எடுத்தவருக்கும் வயல் வெட்டி முடித்தவருக்கும் பொருந்தும். மற்றவர்களிடம் அதையே நிபந்தனையாக வைப்பது வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கிடையில்தான்.

முதலாவது, உகந்தையில் வந்து சேர விடுவது. ஒரு கிழமை லீவு போதும். காடு என்றாலே இளையவர்களுக்குத் தனி இழுப்பு உண்டு, ஆளுக்குப் பஞ்சம் வராது. சிக்கல், அவர்கள் வந்து சேரும் நேரம்தான். நாங்கள் பத்துப் பதினைந்து நாள் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக இருமி, ஒருவர் காலுக்கு ஒருவர் மருந்து போட்டு ஒரு குடும்பமாகி நிற்கிறோம். வருகிறவன் அந்தக் கூட்டத்துக்குள் விருந்தாளியாக நுழைகிறான். நாங்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பி நடந்து, பத்து மணிக்கு முன் நிழலில் ஒதுங்கிவிடுவோம். அவன் ஆறு மணிக்குக் கண் விழிப்பான். இரண்டாம் நாள் தண்ணீர் முடிந்ததும் முகம் மாறிவிடும். கால் பலமும் மனத் துணிவும் உள்ள பிள்ளைகள்தான், ஆனால் பழக்கம் இல்லை. கதிர்காமத்தில் கும்பிட்டுப் பிரிந்தால் அடுத்த வருடம் அதே பிள்ளை தன் நண்பர்களோடு தனியாகப் போகும். குழுவிடம் திரும்பி வராது.

இரண்டாவது, சித்திரை வைகாசியில் ஒரு சனி ஞாயிறு மண்டூருக்கு நடத்திக் கூட்டிப்போவது. மண்டூரை நாம் சின்னக் கதிர்காமம் என்கிறோம், பூசையும் கதிர்காமத்தைப் போலவே வாய் கட்டிச் செய்கிற பூசை. ஆரையம்பதியிலிருந்து வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை வழியாகப் போய், குருமண்வெளியில் வாவியைக் கடந்தால் போதும், ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். லீவு தேவையில்லை. யானை இல்லை, தண்ணீர்ப் பயம் இல்லை. முடியாவிட்டால் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். தாய்மாரும் “சரி, போயிட்டு வா மகன்” என்று உடனே விடுவார்கள்.

இப்படி ஒரு நடைக்கு வந்த வந்தாறுமூலை மாணவன் ஒருவனின் பையை எங்கள் பெரியம்மா ஒருவர் தரையில் கொட்டினார். சோடாப் போத்தல்கள், இரண்டு ஜீன்ஸ், சவர்க்காரம் ஒரு பெட்டி, தடித்த போர்வை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு தகரத்தட்டு, ஒரு பருத்திச் சேலைத் துண்டு மட்டும் எடுத்து வைத்து, மிச்சத்தை அவனுடைய அக்காவிடம் கொடுத்தனுப்பினார். “சேலைத் துண்டு எதுக்கு பெரியம்மா?” என்று கேட்டான். விரித்துப் படுக்கவும் கலங்கல் தண்ணீர் வடிக்கவும் வெயிலுக்குத் தலையில் போடவும் அது ஒன்றே போதும் என்று காட்டினார். அந்தப் பாடத்தை உகந்தை வாசலில் நின்று சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்காது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில், காட்டுக்குள் சுமை ஒரு கிலோ குறைந்தாலும் பெரிய விஷயம்.

மண்டூர் நடைக்கும் குறை உண்டு. அது இதமாக முடிந்துவிடுகிறது. கோயிலில் படம் எடுத்துக்கொண்டு, “நல்லா இருந்திச்சு” என்று சொல்லிப் போகிறவர்கள்தான் கூட. காட்டுக்கு வருகிறவர் அதில் ஒரு பகுதிதான்.

ஒரே ஒரு வழியைத்தான் எடுக்கலாம் என்றால் நான் மண்டூரைத்தான் எடுப்பேன். ஆள் குறைவாக வரும், ஆனால் வந்த ஆள் எங்கள் ஆள். 1972இல் இளைஞனாகப் பெரிய சாமிமாரோடு நடந்த அமெரிக்கர் பட்ரிக் ஹரிகன்தான், போரில் அறுந்துபோன நெடுநடையை 1988இல் முன்னின்று மறுபடி தொடக்கினார். அந்த வயதில் மூத்தவர்களோடு நடந்த நடை அவருக்குள் தங்கியிருந்திருக்கிறது. கூட்டத்தின் எண்ணிக்கையை விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எந்த வழியால் வந்தாலும் கையில் ஒரு வேலை கொடுக்காவிட்டால் நிற்கமாட்டார்கள். பை தூக்கவும் விறகு பொறுக்கவும் மட்டும் சொன்னால் அது வேலையாகாது, ஏவல்தான். காசுப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை சுண்டு அரிசி என்று அளக்கிற பொறுப்பைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் பவுசர் எங்கே நிற்கும் என்று முன்னே நடந்துபோய்ப் பார்த்து வரும் ஆளாக அனுப்ப வேண்டும். இது பெரியவர்களுக்குக் கஷ்டம்தான். சோறு ஒரு நாள் குழையும், கணக்கு ஒரு நாள் இடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாரில்லாத குழு இந்த இரண்டு வழிகளில் எதையும் முயல வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடையில் அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், மகள்மார் குறைவு. மண்டூர் நடைக்கு அம்மம்மாவோடு பேத்தி வருவாள். காட்டுக்கு வீட்டில் விடமாட்டார்கள். கேட்டால் யானையைச் சொல்வார்கள், ஆனால் பயம் இரவையும் ஒதுங்க இடத்தையும் பற்றியது. பெண்களுக்கென்று தனி மறைப்புக் கூடாரம் ஒன்று, இரவில் முறை வைத்து விழித்திருக்கும் இரண்டு அம்மாமார், கொண்டுபோன டோர்ச் எல்லாவற்றுக்கும் மாற்று பற்றரி. இவ்வளவையும் குழு தன் செலவில் ஒழுங்கு செய்து, கொடியேற்றத் திகதி தெரிந்தவுடனேயே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தாயிடம் நேரில் சொல்ல வேண்டும். அழைப்பைத் தொலைபேசியில் முடிக்கக் கூடாது, முன்பு காடு நடந்த அம்மா ஒருவர் கூடப் போக வேண்டும்.