செங்கல், சாலிட் பிளாக், ஏஏசி: எந்தக் கல்லுக்கு மூலை சரியாக வரும்?

வீடு கட்ட ஆரம்பிக்கும் எவரும் முதலில் கேட்பது செங்கல் என்ன விலை, பிளாக் என்ன விலை என்பதைத்தான். மதுரை சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன வீடுகளுக்கு மேற்பார்வை பார்க்கிறவன் நான், எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு: இந்தக் கல்லை வைத்து உங்கள் கொத்தனார் மூலையை எப்படிக் கட்டுவார்? நேர்ச்சுவருக்குத் துணையாக நூல் இருக்கிறது. அந்த நூலைக் கட்டுவதற்கே இரண்டு மூலையும் முதலில் எழும்பி நிற்க வேண்டும், மூலை அரை அங்குலம் சாய்ந்தால் நூலும் சாயும், நூலோடு சேர்ந்து சுவர் முழுக்கப் போகும். அப்புறம் அதைப் பூச்சில் இழுத்துச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், ஒன்றரை அங்குலம் தடிப்பாகப் பூசிய இடம் வெடிக்கும், செலவும் இரட்டிப்பு.

விலைக் கணக்கையும் ஒரு வழி பண்ணிவிடுவோம். ஒரு கல் என்ன விலை என்று ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். 100 சதுர அடி சுவருக்கு, ஒன்பது இன்ச் தடிமன் என்றால், நம் பக்கத்துச் சேம்பர் (சூளையில் சுட்ட) செங்கல் (9-க்கு 4¼-க்கு 3 இன்ச்) ஏறக்குறைய 900 வேண்டும். அதே பரப்புக்கு 16-க்கு 8 சாலிட் பிளாக் (ஓட்டையில்லாத கான்கிரீட் கல்) 108 போதும், 24-க்கு 8 ஏஏசி (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) 76 போதும். உடைசல், வெட்டுச் சேதாரம் தனி. இந்த எண்ணிக்கையை உங்கள் ஊர் விலையால் பெருக்கி, கலவை, கூலி, பூச்சு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எடையும் முக்கியம்: அந்த 100 சதுர அடி செங்கல் சுவர் நாலு டன் வரும், எட்டு இன்ச் சாலிட் பிளாக் சுவரும் கிட்டத்தட்ட அவ்வளவேதான், எட்டு இன்ச் ஏஏசி ஒன்றேகால் டன்னில் முடிந்துவிடும்.

சரி, செங்கல் மூலைக்கு வருவோம். ஒன்பது இன்ச் சுவரில் ஒரு வரி நெடுக்குக் கல், அடுத்த வரி குறுக்குக் கல், இதுதான் இங்கிலீஷ் பாண்ட். நெடுக்கு வரியில் மூலையிலிருந்து ஒன்பதாவது அங்குலத்தில் முதல் சந்து (இரண்டு கல் சேரும் இடம்) விழுகிறது. மேல் வரியில் குறுக்குக் கல்லைக் கலவையோடு நாலரை, நாலரை என்று அடுக்கினால் இரண்டாவது கல் முடிகிற இடமும் அதே ஒன்பதுதான், சந்துக்கு மேல் சந்து. இதைத் தடுக்கத்தான் மூலைக் கல்லுக்கு அடுத்து குளோசர் வைப்பது. செங்கலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் ரெண்டேகால் இன்ச் துண்டு அது. அதை வைத்ததும் எல்லாச் சந்தும் ரெண்டேகால் இன்ச் தள்ளி விழும், மூலை பின்னிக்கொள்ளும்.

அந்தத் துண்டைப் பிளப்பது பார்க்கச் சுலபமாக இருக்கும், நல்ல கொத்தனாருக்கே நாலுக்கு ஒன்று உடையும். கல்லைக் கையில் பிடித்து, கரண்டி விளிம்பால் நீளவாக்கில் சுற்றிலும் சின்னதாகத் தட்டிக் கோடு போட்டுவிட்டு, கடைசியில் ஒரே அடி. சரியாக வெந்த கல்லாக இருந்தால் சுத்தமாகப் பிளக்கும், வேகாத கல் நொறுங்கும். அதனால்தான் பல சைட்டில் குளோசரே இருப்பதில்லை, அந்த இடத்தில் பொடிக்கல்லைப் போட்டுக் கலவையால் ரொப்பிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் இதைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, பூச்சுக்குள்ள போறதுதானே" என்றார் அந்த மேஸ்திரி. பூச்சுக்குள் போவது உண்மைதான், ஆனால் இரண்டு வருடத்தில் மூலையை ஒட்டி நேர்கோடாக ஒரு விரிசல் பூச்சைத் தாண்டி வெளியே வந்தது. அடுத்த வேலையிலிருந்து, கட்டு ஆரம்பிக்கும் முன்பே குளோசர் பிளந்து குவித்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். கையெட்டும் தூரத்தில் குவியல் இருந்தால் யாரும் பொடிக்கல்லைத் தேடுவதில்லை.

செங்கலின் பெரிய நல்ல குணம், அது தப்பை மன்னிக்கும். ஒவ்வொரு வரிக்கும் 10 மில்லிமீட்டர் கலவை இருக்கிறது, ஒரு வரியில் இரண்டு மில்லி ஏறினால் அடுத்த வரியில் இறக்கிக்கொள்ளலாம். மூலையை நாலைந்து வரி படிபடியாக ஏற்றினாலும் ஒன்றரை அடி உயரம்தான், தூக்குக்குண்டை இரண்டு முகத்திலும் விட்டுப் பார்த்து அங்கேயே திருத்தலாம். ஆனால் நனைக்காத செங்கல் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சி அதை மண்ணாக்கிவிடும், தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும் வரை ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கட்டிய பிறகு குழாய் வைத்துப் பீய்ச்சினால் அது ஈடாகாது.

ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு செங்கல் அளவேதான், மூலைக் கட்டும் அதேதான். விளிம்பு கூர்மையாக, ஒரே அளவாக வருவதால் பூச்சு மிச்சம். முகம் வழவழப்பாக இருப்பதால் சந்துகளை ஆழமாகக் கீறிவிட்டால்தான் பூச்சு பிடிக்கும்.

சாலிட் பிளாக் வேகமாக ஏறும், அதில் சந்தேகமே இல்லை. மூலையில் அதன் கணக்கு தடிமனைப் பொறுத்து மாறும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. எட்டு இன்ச் பிளாக்கில் நீளம் 16, தடிமன் 8, சரிபாதி. மாறி மாறி வைத்தாலே சந்து எட்டு இன்ச் தள்ளி விழும், எந்தத் துண்டும் வேண்டாம். ஆறு இன்ச் பிளாக்கில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பத்து என்று விழும், பரவாயில்லை. நாலு இன்ச் பிளாக்கில்தான் சிக்கல், அப்படியே வைத்தால் நாலு இன்ச்தான் பிடிமானம். மூலையில் வரும் கல்லை மட்டும் 12 இன்ச்சாக வெட்டி வைத்தால் பிடிமானம் எட்டாகிவிடும். வெட்ட கட்டிங் மிஷின் வேண்டும், கரண்டியால் தட்டினால் இஷ்டத்துக்கு உடையும்.

எடையை மறக்காதீர்கள். ஆறு இன்ச் சாலிட் பிளாக் ஒன்று 25 கிலோ பக்கம், எட்டு இன்ச் 30-ஐத் தாண்டும். மதியத்துக்கு மேல் சாரத்தில் நின்று அதைத் தூக்கும் ஆள் மூலையில் நுணுக்கம் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கல்லை ஒரு தடவை கலவையில் இறக்கிவிட்டால் மறுபடி அசைக்க மனசு வராது, அசைத்தால் கலவையின் பிடிப்பு போய்விடும். அப்படி ஒரு நிலையில் கோணலாக உட்கார்ந்தது கோணலாகவே இருக்கும்.

இன்னொன்று, என் அக்கா வீட்டு மாடியில் நான் பட்டது. பட்டறையிலிருந்து லாரியில் வந்த பிளாக்கைத் தொட்டால் சில்லென்று ஈரம், வார்த்து ஐந்து நாள்கூட ஆகியிருக்காது. அவசரம், மழைக்கு முன் லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) போட வேண்டும், நானும் பேசாமல் விட்டேன். அடுத்த கோடையில் ஜன்னல் மூலைகளிலிருந்தும் சுவர் நடுவிலும் கீறல் விட்டது. கான்கிரீட் கல் உலரும்போது சுருங்கும், சுருங்கி முடித்த பிறகுதான் சுவருக்கு வர வேண்டும். வார்த்து 28 நாளாவது ஆகி, நன்றாகக் காய்ந்த கல்லாகப் பார்த்து வாங்குங்கள், செங்கல் மாதிரி தொட்டியில் ஊறப்போடாதீர்கள், முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். மேற்குச் சுவருக்குச் சாலிட் பிளாக்கை நான் சொல்லவே மாட்டேன், அக்கா வீட்டு மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

ஹாலோ பிளாக்கில் ஒரு வசதி, மூலையில் வரும் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி அடுக்கி, உள்ளே கம்பி இறக்கி ஜல்லிக் கலவை போட்டால் மூலையே ஒரு சின்னத் தூணாகிவிடும். சுற்றுச்சுவருக்கு இது அருமை.

ஏஏசி முற்றிலும் வேறு கலாச்சாரம். 1920-களில் சுவீடனில் கண்டுபிடித்தது, நம் ஊர் சைட்டுக்கு வந்தது பிற்பாடு. 24-க்கு 8-க்கு 8 கல் 15 கிலோ பக்கம்தான், கைரம்பத்தால் மரம் மாதிரி அறுக்கலாம், மூலைத் துண்டு வெட்டுவது விளையாட்டு. எட்டு இன்ச் சுவரில் சந்து எட்டு இன்ச் தள்ளி விழும், போதும். நாலு இன்ச் உள்சுவரில் மூலைக் கல்லை 16-ஆக அறுத்து வைத்தால் பாதிக்குப் பாதி வந்துவிடும். இதைச் செய்யாமல் முழுக் கல்லாகவே ஏற்றுகிறவர்கள்தான் அதிகம், அங்கே பிடிமானம் நாலே இன்ச்.

ஆனால் ஏஏசி தப்பை மன்னிக்காது. ஒட்டுவதற்கு வரும் பசைக்கலவை மூன்று மில்லிதான், அதற்குள் எதையும் திருத்த முடியாது. அதனால் முதல் வரியைச் சாதாரண சிமென்ட் கலவையில் வைத்து, ரசமட்டம் போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி மட்டம் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் போனாலும் போகட்டும். மூலை மட்டத்துக்கு 6 அடி, 8 அடி அளந்து குறுக்கே 10 அடி வருகிறதா என்று டேப்பில் பாருங்கள். பழைய பழக்கத்தில் முக்கால் இன்ச் சிமென்ட் கலவை போட்டு ஏஏசி கட்டுகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் கல்லின் பயனே போயிற்று. தூண் போட்ட வீட்டில் மூலையில் தூண் நிற்கிறது, அங்கே கவலை தூணும் சுவரும் சேரும் சந்து. இரண்டு மூன்று வரிக்கு ஒரு தடவை தூணிலிருந்து கம்பியோ தகடோ சுவருக்குள் வர வேண்டும், பூசும் முன் சந்தின் மேல் வலை அடிக்க வேண்டும். குளியலறைச் சுவருக்கு ஏஏசி வேண்டாம் என்பது என் கருத்து, தண்ணீரை இழுக்கும், வாஷ்பேசின் மாட்ட வெறும் ஆணி நிற்காது.

செங்கலிலேயே இன்னொரு வழி, எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து நடுவே பொந்து விட்டுக் கட்டுவது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பியது. கால்வாசிக் கல் மிச்சம், சுவரும் சூடு குறைவு. மூலையிலும் கதவு ஜன்னல் ஓரத்திலும் பொந்து விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும், அதை முறையாகத் தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கம் அபூர்வம். ஆரோவில்லில் அழுத்தும் மண்கல்லுக்கு முழு அச்சோடு முக்கால் அச்சும் அரை அச்சும் வைத்திருக்கிறார்கள், மூலைக்கு வெட்டாமலே கல் கிடைத்துவிடும். மூலைக்கென்று யோசித்து அச்சு செய்திருப்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் ஒன்று, இரண்டு மாடி வீட்டுக்கு நான் செங்கலைத்தான் சொல்வேன், குளோசர் வைக்கத் தெரிந்த ஆள் இருந்தால். தூண் போட்ட மாடி வீட்டில், அதுவும் வெயில் சுவருக்கு ஏஏசி. சுற்றுச்சுவர், கடை, குடோன் என்றால் பிளாக். அப்பாவுக்காகக் கீழே மேற்குப் பார்த்த ஓர் அறை அடுத்த மாதம் எடுக்கிறோம், தூண் கிடையாது, ஒன்பது இன்ச் செங்கல் சுவர். கல் வந்து இறங்கியாயிற்று, ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி கேட்டது. கொத்தனாரை ஒரு நாள் முன்பாகவே வரச் சொல்லியிருக்கிறேன், குளோசர் பிளக்க.