பனி அள்ள முன்பணம் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

நவம்பர் பிறந்தால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் பகுதியான எங்கள் ஸ்காபரோ தெருக்களில் பனி அள்ளித் தருகிறோம் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். 2024 நவம்பரில் அப்படி வந்த ஒருவரிடம் பருவம் முழுவதற்குமாக 500 டொலரைக் காசாகவே கொடுத்தேன். நம்மவர், கனிவாகப் பேசினார். "நீங்கள் யோசிக்காதீர்கள் அண்ணா, விடிவதற்குள் வாசல் துப்புரவாக இருக்கும்" என்றார். "பனி அகற்றல், முழுப் பருவம்" என்று ஒற்றை வரி எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றையும் தந்தார்.

அந்த ஒற்றை வரிதான் வினையாயிற்று. எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் வருவார், உப்புப் போடுவாரா, படிகளும் பக்கப் பாதையும் சேருமா, எதுவும் அதில் இல்லை. டிசம்பரில் வந்த இரண்டு முறையும் கார் நிற்கும் இடத்தை மட்டும் வழித்தார். வழித்த பனியை, மாநகரசபை வண்டி ஏற்கெனவே துப்புரவாக்கியிருந்த நடைபாதையிலும் வீதியிலும் தள்ளிவிட்டுப் போனார். அனுமதியில்லாமல் வீதியில் பனியைத் தள்ளுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். தள்ளியவர் அவர்; தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த அயல்வீட்டுப் பெண் நியாயம் கேட்டது என்னிடம். அவ்வளவையும் நானே அள்ளினேன்.

2025 பெப்ரவரி நடுவில் சில நாள் இடைவெளியில் இரண்டு பனிப்புயல்கள் அடித்தன. ஆள் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. முன்வாசலை வெட்டித் திறந்த நான், பக்கப் பாதையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் அக்காவுக்கு அது ஒன்றுதான் வழி. மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

பனி அள்ளுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று வாடகைப் பத்திரத்தில் எழுதியிருந்தால் தப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. 2009இல் இதே போன்ற ஒரு கீழ்த்தள வழக்கில், வெறும் பத்திர வரியால் உரிமையாளர் தன் பராமரிப்புக் கடமையைக் கைகழுவ முடியாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நட்டஈடு கேட்பதானால் விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை அக்காவிடம் நானே சொன்னேன். அது அவருடைய உரிமை.

காப்புறுதி நிறுவனம் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டது. ஒப்பந்தம் எங்கே? பனி அள்ளியவருக்குப் பொறுப்புக் காப்புறுதி (பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடுகொடுக்கும் காப்புறுதி) இருந்ததா? வந்துபோன நாட்களின் பதிவு எங்கே? ஆளை விசாரித்து அமர்த்தினேன், வேலை ஒழுங்காக நடந்ததா என்றும் கவனித்தேன் என்று காட்ட முடிந்தால், ஒப்பந்தக்காரரின் கவனயீனம் வீட்டுக்காரர் தலையில் விழாமல் இருக்கச் சட்டத்தில் இடமுண்டு. நான் காட்டக்கூடியதாக இருந்தது அந்தச் சீட்டு மட்டும்.

இந்த நவம்பரிலும் வருவார்கள். வீட்டுவாசலில் வைத்துச் செய்யும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பிரதி தர மறுப்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பணத்தை மாதாமாதம் கொடுங்கள். பக்கப் பாதையையும் படியையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.