பேராசிரியரைப் பைண்டிங்குக்குக் கொடுத்த கதை

கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியில் கொப்பிக்கடைகளுக்கு நடுவே ஓர் ஒடுங்கிய படிக்கட்டு. எதிரே ஆள் வந்தால் ஒருவர் திரும்பி இறங்கத்தான் வேண்டும். மேலே பைண்டிங் கடை. பெயர்ப்பலகை கிடையாது, கம் மணந்தான் அடையாளம். நான் கொடுத்தது மூன்று புத்தகம். கூலி 4,300 ரூபா. சொன்ன தவணை 7 நாள், எடுத்தது 19 நாள். வெள்ளவத்தையில் இருந்து 101 பஸ்ஸில் நான்கு தடவை போய்வந்த காசு தனி.

இதைப் படித்துவிட்டு அங்கே போகாமல் இருந்துவிட வேண்டாம். தையல் அப்படி. ஆனால் கொடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு என்ன புத்தகம் கொடுத்தேன் என்பதில் இருந்து சொல்ல வேண்டும்.

உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பித்தே என் காலம் போனது. முதல் புத்தகம் 1997இல் வந்த ஆங்கிலத் தொகுப்பு, சுதந்திரத்துக்குப் பிந்திய ஐம்பது வருட இலங்கைப் பொருளாதாரம் பற்றியது. பதிப்பாசிரியர் பேராசிரியர் டபிள்யூ.டி. லக்ஷ்மன். மற்ற இரண்டும் மத்திய வங்கியின் 2019, 2020 ஆண்டறிக்கைகள், தமிழ்ப் பதிப்பு. இரண்டுமே அதே லக்ஷ்மன் ஆளுநராக இருந்தபோது வெளிவந்தவை. பிள்ளைகள் போட்டோகொப்பி எடுக்கக் கொண்டுபோய்க் கொண்டுபோய் மூன்றுக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது.

மூன்றையும் சேர்த்து ஒரே மட்டைக்குள் தைத்துத் தரும்படிதான் முதலில் கேட்டேன். ஒருவருடைய புத்தகம், அவருடைய உத்தியோகம், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்ற ஆசை. கடைக்கார நாநா தொகுப்பையும் ஆண்டறிக்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். "சேர், இது சின்னன், அது பெரிசு. ஒண்டாத் தைக்கிறண்டா பெரிசை வெட்டோணும். அட்டவணை எல்லாம் போயிரும்." அட்டவணை போனால் ஆண்டறிக்கையில் என்ன மிச்சம்? தனித்தனியாகவே செய்யச் சொன்னேன். இந்த இடத்தில் நாநாவுக்கு முழுப் புள்ளி. வேறு கடை என்றால் சரி சரி என்று வாங்கி வெட்டித் தள்ளியிருக்கும்.

எங்கள் தலைமுறைப் பொருளியல் ஆசிரியர்களுக்கு லக்ஷ்மன் தெரியாத பெயர் அல்ல. பேராதனையில் படித்து ஆக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர், 1994 முதல் 1999 வரை அங்கேயே துணைவேந்தர். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம்தான் வழி என்று எல்லோரும் ஒரே குரலில் பாடிய நாட்களில், அரசுக்கும் ஒரு பங்கு உண்டு என்று விடாமல் எழுதியவர். வகுப்பில் நான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போடுவேன். ஒரு பக்கம் அந்தப் பாட்டு, மறுபக்கம் லக்ஷ்மன். பிள்ளைகளுக்குக் கட்டுரைக் கேள்விக்கு வசதி.

2009இல் வரிவிதிப்புக்கென ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். அதற்கும் தலைவர் இவர். வாழ்நாள் முழுக்க வகுப்பறையிலும் ஆணைக்குழுவிலும் இருந்தவர் 2019 டிசம்பர் 24இல் மத்திய வங்கியின் 15ஆவது ஆளுநரானார். அதே டிசம்பர் முதலாம் திகதியில் இருந்துதான் வற் வரி 15 வீதத்தில் இருந்து 8 வீதமாக இறங்கியது. வரிக் குறைப்பு அவர் செய்ததல்ல, அது அரசாங்கத்தின் வேலை. ஆனாலும் நாட்டின் வரியை அலசப் போட்ட குழுவின் தலைவர், வரி இல்லாத கஜானாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இதை நான் எந்தப் பிள்ளைக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்தியதில்லை. எனக்கே விளங்கவில்லை என்பதுதான் காரணம்.

அப்புறம் கொரோனா. 2020 ஜூலையில் மத்திய வங்கியின் இரண்டு கொள்கை வட்டிகளை, அதாவது வங்கிகள் அங்கே போடும் பணத்துக்கான துணைநில் வைப்பு வசதி வீதத்தை 4.5, அங்கிருந்து வாங்கும் கடனுக்கான வீதத்தை 5.5 என்று இறக்கினார்கள். வாகன இறக்குமதி நின்றது. டொலர் 200 ரூபாவைச் சுற்றியே பிடித்து வைக்கப்பட்டது. 2021 ஓகஸ்டில் வீதங்களை அரைப் புள்ளி உயர்த்தினார்கள், அடுத்த மாதமே அவர் பதவியை விட்டுப் போனார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடு நிறுத்தியது. அதே மாதம் ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றி 13.5, 14.5 என்றாக்கினார்கள். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட எழுபது வீதத்தைத் தொட்டது. பிறகு 2023 நவம்பரில் பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பொறுப்பானவர்களில் இன்னொரு முன்னாள் ஆளுநரின் பெயரோடு லக்ஷ்மனுடைய பெயரும் இருந்தது.

இதை எல்லாம் நாநாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்றாவது தடவை போய் வேலை முடியாமல் ஸ்டூலில் குந்தியிருந்தபோது. அவர் லாச்சியைத் திறந்து ஒரு நூறு ரூபாத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திகதி 2020. அப்போதைய நிதி அமைச்சர் மகிந்த ராஜபக்ஷவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. "இந்த சேரா?" என்றார். இவர்தான் என்றேன். தாளை மடித்துத் திரும்ப லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தன் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். மட்டைக்குப் போர்த்தும் கலிக்கோத் துணி வெளிநாட்டில் இருந்து வருவது, மட்டையும் அப்படித்தான். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்துப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் இந்தக் கடையில் ஒரு புத்தகமும் தைக்கவில்லையாம். வேலைக்கு நின்ற தம்பி கட்டாருக்குப் போய்விட்டான், இப்போது நாநாவும் ஓர் உதவிப் பையனும் மட்டுந்தான். அந்த 19 நாளுக்கு விளக்கம் அது. நான் ஏற்றுக்கொண்டேன், போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற குறையோடு.

இனி வேலையைப் பற்றி. இப்போது பல கடைகளில் புத்தகத்தின் முதுகைச் சீவிவிட்டுக் கம்மைப் பூசி மட்டையை ஒட்டித் தந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் தாள் தாளாக உதிரும். இங்கே மடித்த தாள்கட்டுகளான பாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பு கிழிந்த தாளுக்கு மெல்லிய கடதாசி ஒட்டி, கையால் நூல் கோத்துத் தைக்கிறார்கள். 1997 புத்தகத்தை இப்போது மேசையில் விரித்தால் கையை எடுத்த பிறகும் விரிந்தே கிடக்கிறது. ஆண்டறிக்கைகள் தனித் தாள்களாக இருந்ததால் பக்கவாட்டில் துளைத்துத் தைத்தார்கள். அவை அவ்வளவு விரியாது, நடுப்பக்க அட்டவணையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான்.

முதுகில் தங்க எழுத்து. ஆங்கில எழுத்தும் சிங்கள எழுத்தும் முழுதாக இருக்கின்றன, தமிழ்ப் பெட்டியில்தான் குறை. 'க்ஷ' இல்லை. "இலட்சுமணன் எண்டு போடவா சேர், அதுக்கு எழுத்து இருக்கு" என்று பையன் கேட்டான். பேராசிரியரை இராமாயணத்துக்குள் அனுப்ப மனம் வரவில்லை. 'லக்சுமன்' என்று போட்டுத் தந்தார்கள். பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது.

சரி, அந்த ஒரு விஷயம். தைத்து முடிந்ததும் மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி நேராக்குவார்கள். என் 1997 புத்தகத்தின் ஓரங்களில் இருபது வருடத்துப் பென்சில் குறிப்பு இருந்தது. நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஓரத்தோடு எழுத்தும் போய்விட்டது. வரி பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் 1998இல் "வரி அடிப்படை விரியாவிட்டால்?" என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது "வரி அடிப்படை விரி" என்று மட்டும் நிற்கிறது. நாநாவிடம் காட்டினேன். முகம் சுருங்கிப்போனது. 300 ரூபாவைத் திரும்ப நீட்டினார், நான் வாங்கவில்லை. பிழை பாதி என்னுடையது.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்கவும், ஜும்மா முடிந்து கடை திறக்க இரண்டு மணியாகும். காசு மட்டுந்தான், காட் எடுக்கமாட்டார்கள். பாதிக் காசு முன்பணம். மழை நாளில் பொலித்தீன் பை கொண்டுபோங்கள், படிக்கட்டு ஒழுகும்.

போன கிழமை 2021 ஆண்டறிக்கையையும் கொடுத்துவிட்டு வந்தேன். அது 2022 ஏப்ரலில் வந்தது, ஆளுநர் வேறு ஆள். இந்த முறை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'ஓரம் வெட்ட வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். நாநா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில பென்சில் எழுத்து ஒண்டும் இல்லையே சேர்" என்றார். இல்லைதான். அந்த வருடம் நான் ஓரத்தில் எதையும் எழுதவில்லை, காஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.