இணையத்தில் ஸ்கிராப்புக் ஆல்பம் செய்பவர்கள் கவனத்துக்கு: என் 38 பக்கங்களுக்கு நடந்தது

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில், அம்மா கையில் கொடுக்க ஒரு ஆல்பம் செய்ய உட்கார்ந்தேன். வெறும் போட்டோ ஆல்பம் இல்லை. படங்கள், அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள், கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நாங்கள் எழுதிய நாலு வரி, எல்லாம் சேர்ந்த டிஜிட்டல் ஸ்கிராப்புக். 12 அங்குலச் சதுரத்தில் 38 பக்கங்கள். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் நான்கு மாதம் செய்தேன். அந்த 38 பக்கங்களில் ஒன்றுகூட இன்று அச்சடிக்கிற தரத்தில் என்னிடம் இல்லை. வந்த புத்தகமும் அம்மாவிடம் கொடுக்கிற நிலையில் இல்லை. இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் போனது இணையத்திலேயே பக்கம் வடிவமைத்து, அங்கேயே அச்சுக்கும் கொடுக்கிற ஒரு சேவை. பெயர் சொல்லப் போவதில்லை. இதே முறையில் நடக்கிற இடங்கள் நிறைய இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். வடிவமைக்கக் காசு கிடையாது, அச்சடிக்கும்போது கொடுத்தால் போதும் என்றார்கள். பின்னணித் தாள், சட்டம், ரிப்பன், ஒட்டுப்படம் எல்லாம் அங்கேயே இருந்தன. இழுத்து வைத்தால் பக்கம் தயார். புதியவர்களுக்கு இதைவிடச் சுலபமாக எதுவும் இருக்க முடியாது என்று நானே இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

முதல் உறுத்தல் முடிக்கும்போது வந்தது. பக்கங்களை என் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று பதிவிறக்கினேன். வந்த படம் 1024க்கு 1024 பிக்சல், அதாவது அத்தனை புள்ளிகளால் ஆன படம். 12 அங்குலப் பக்கத்துக்கு இது அங்குலத்துக்கு வெறும் 85 புள்ளி. அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300, அதாவது ஒரு பக்கத்துக்கு 3600க்கு 3600. கேட்டேன். “முழு அளவு ஃபைல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அது அச்சுக்கு மட்டும்தான், வெளியே தருவதில்லை” என்று பதில் வந்தது. சரி, புத்தகம் நன்றாக வந்தால் போதும் என்று இரண்டு பிரதிக்குப் பணம் கட்டினேன். மாதிரிப் பக்கம் ஒன்று அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் நான் தேடிப் புரட்டியது கடிதம் இருந்த பக்கம். அப்பாவுக்கு ஒரு பழக்கம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார், சின்ன வட்டம் போடுவார். ஊசி முனை அளவு வட்டம், ஒவ்வொன்றும் மூடிய வட்டம். அவர் கையெழுத்தை நாங்கள் அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். அச்சில் அந்த வட்டங்கள் இல்லை. சில இடத்தில் பழுப்பு அழுக்கு மாதிரி ஒரு கறை, பல இடத்தில் அதுவும் இல்லை. “என்” என்று எழுதியது “என” என்று நிற்கிறது. ‘ழ’வின் வால் படிக்கட்டு மாதிரி உடைந்து போயிருந்தது. கடிதத்தின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைக் காணோம், வெட்டியதில் போய்விட்டது. இரண்டு பக்கம் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் படத்தில் அப்பாவின் முகம் நடுமடிப்புக்குள் புதைந்திருந்தது. எல்லாப் படமும் ஒரு மடங்கு இருட்டு.

ஆனால் ஒரு விஷயம் வித்தியாசமாக இருந்தது. பக்கத்தின் மூலையில் 3 அங்குலத்தில் வைத்த சின்னப் படங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. பக்கம் நிறைத்து வைத்தவை மட்டும்தான் மங்கல். மெஷினில் கோளாறு என்றால் எல்லாமே மங்கியிருக்க வேண்டுமே? இதை வைத்துத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்காவது மடலுக்குத்தான் ஒரு ஊழியர் நேராகப் பதில் சொன்னார்: பதிவேற்றும்போதே ஒவ்வொரு படத்தையும் நீளவாக்கில் 1024 பிக்சலுக்குச் சுருக்கிவிடுவார்களாம், இடத்தை மிச்சப்படுத்த. 3 அங்குலத்துக்கு 1024 பிக்சல் தாராளம், அங்குலத்துக்கு 341 வரும். 12 அங்குலத்துக்கு அதே 1024 பிக்சல்தான். ஆக, பத்திரமாக இருப்பதாகச் சொன்ன முழு அளவு ஃபைல் முதல் நாளிலிருந்தே இல்லை. நான் நான்கு மாதமும் சுருங்கிய படங்களை வைத்துத்தான் பக்கம் கட்டியிருக்கிறேன்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. தங்கள் தரப்பில் தவறில்லை என்று காட்ட, அச்சுக்குப் போன ஃபைலில் ஒரு பக்கத்தை அனுப்பினார்கள். 3600க்கு 3600 பிக்சல், 300 டிபிஐ என்றுதான் அதில் இருந்தது. தெரியாதவர்கள் இதைப் பார்த்து வாயடைத்துப் போய்விடுவார்கள். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஃபைலில் ஒட்டியிருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். எந்தப் படத்திலும் அதை 300 என்று மாற்றி எழுதிவிடலாம். பிக்சல் எண்ணிக்கையையும் மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கலாம். ஆனால் சுருக்கும்போது போன நுணுக்கம் இழுத்தால் திரும்பி வராது. அப்பாவின் வட்டங்கள் அந்த 3600 பிக்சல் ஃபைலிலும் இல்லை. நான் முதலில் ஸ்கேன் செய்ததையும் அவர்கள் அனுப்பியதையும் நூறு சதவீத அளவில் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில், முன்னோட்டத்தைப் பார்த்து நீங்கள்தான் சம்மதக் கட்டத்தில் டிக் செய்தீர்கள் என்பது. திரையில் ஒரு கையகல முன்னோட்டத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? பணம் திரும்பவில்லை. அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தந்தார்கள். கொஞ்ச நாளில் என் கணக்கு பூட்டப்பட்டது, பக்கங்களையும் அதோடு நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

முகம் மடிப்புக்குள் போனதிலும் ஓரம் வெட்டுப்பட்டதிலும் என் அறியாமையும் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அச்சடித்த தாளை அடுக்கி வெட்டும்போது கத்தி மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரும். அதற்காகத்தான் நான்கு புறமும் பொதுவாக 1/8 அங்குலம் கூடுதலாக விட்டு வடிவமைக்கச் சொல்வார்கள். பிளீட் என்பது அதுதான். 12 அங்குலப் பக்கம் என்றால் ஃபைல் 12.25 அங்குலம், 3675 பிக்சல். பின்னணி அந்த ஓரம் வரை ஓட வேண்டும். எழுத்தும் முகமும் வெட்டுக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்க வேண்டும். நான் அரை அங்குலம் விடுகிறேன், நடுமடிப்புப் பக்கம் இன்னும் கூட. இருட்டுக்குக் காரணம் வேறு. நம் திரைகள் வெளிச்சத்தை உமிழ்கின்றன, காகிதம் அப்படியில்லை. திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் கீழே குறைத்து வைத்துப் பார்த்தால், காகிதத்தில் எப்படி வரும் என்று ஓரளவு தெரியும். நிறம் சோகையாக வருகிறது என்றால் படம் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வேறு எதுவும் கேட்காத வரை எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கிற எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான் பத்திரம்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். பக்கங்களை என் கணினியிலேயே, லேயர், அதாவது படம், எழுத்து எல்லாவற்றையும் தனித்தனி அடுக்காக வைத்து வேலை செய்யும் மென்பொருளில் செய்கிறேன். இலவசமாகக் கிடைக்கிற ஜிம்ப் போதும், கற்றுக்கொள்ள ஒரு வாரம் பொறுமை வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஃபைலாக இருக்கும். ஒன்று லேயர்கள் தனித்தனியாகவே இருக்கிற மூல ஃபைல், திருத்தமெல்லாம் அதில்தான். இன்னொன்று அதிலிருந்து எடுத்த அச்சுப் பிரதி, உயர்ந்த தரத்தில் ஜேபெக் அல்லது பிடிஎஃப், கடை எது கேட்கிறதோ அது. ஜேபெக்கைத் திறந்து பார்ப்பதாலோ நகல் எடுப்பதாலோ ஒன்றும் ஆகாது. அதைத் திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் கரைகிறது. எழுத்தைத் திருத்த வேண்டுமா, மூல ஃபைலுக்குப் போங்கள், புதிதாக ஒரு பிரதி எடுங்கள்.

பெயர் வைப்பதில் சிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண் வைத்தால் கணினி தானே காலவாரியாக அடுக்கிவிடும். பக்கங்களுக்கு 1, 2 என்று வைக்காமல் 01, 02 என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நின்றுவிடும். ஃபைல் பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஜிப் செய்து கடைக்கு அனுப்பினால் சில கணினிகளில் பெயர் முழுக்கக் குப்பை எழுத்தாக மாறிவிடுகிறது. பக்கத்துக்குள் இருக்கிற தமிழுக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டாவது தடவை வேறொரு கடைக்குக் கொடுத்தபோது, அவர்கள் கணினியில் என் எழுத்துரு இல்லாமல் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நின்றது. நல்ல வேளை, அச்சுக்கு முன்னால் மாதிரி அனுப்பினார்கள். எழுத்தையும் படமாக்கி ஒரே தளமாகச் சேர்த்த பிரதியைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

பிரதி வைப்பது பற்றி எனக்கு இப்போது ஒரு பிடிவாதமே வந்துவிட்டது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. புகைப்படக்காரர்கள் 3-2-1 என்று சொல்வது இதைத்தான். போனும் கிளவுடும் ஒன்றுக்கொன்று ஒத்திசைவதை நிறையப் பேர் பிரதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் என்றால் அது பிரதி இல்லை. தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு நாள் அதில் போட்டு, இரண்டு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு தளத்தில் பாதி ஆல்பம் செய்து வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே செய்யுங்கள்: ஒரு பக்கத்தைப் பதிவிறக்குங்கள், எத்தனை பிக்சல் என்று பாருங்கள். எண் பெரிதாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். நூறு சதவீத அளவில் திறந்து, உங்கள் கையில் இருக்கிற மூலப் படத்தோடு கண் இமை, எழுத்தின் புள்ளி மாதிரி ஒரு சின்ன இடத்தை ஒப்பிடுங்கள். முழு அளவு ஃபைல் வெளியே தருவார்களா, கணக்கை மூடினால் பக்கங்கள் என்ன ஆகும், ஒரே ஒரு பக்கத்தை மாதிரியாக அச்சடித்துத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு மாதிரி அச்சடித்துத் தந்த கடை அதற்குத் தனியாகப் பணம் வாங்கியது. மனதார கொடுத்தேன்.

அம்மாவின் ஆல்பத்தில் 33 பக்கங்களை மறுபடி செய்து முடித்துவிட்டேன். கடிதத்தை 600 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்தேன். மாதிரிப் பக்கத்தில் அந்தச் சின்ன வட்டங்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மீதி 5 பக்கங்களுக்கான 9 படங்கள்தான் இல்லை. உறவினர்கள் போனில் அனுப்பியதை நேராக அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டு, இடம் வேண்டும் என்று போனில் அழித்துவிட்டேன். மெசேஜ் ஆப்பில் படமாக அனுப்பினால் பெரும்பாலும் சுருங்கித்தான் வரும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று இப்போது எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 4 படங்கள் அப்படிக் கிடைத்துவிட்டன. மீதி 5 அத்தையின் பழைய போனில் இருக்கலாம். அலமாரியில் எங்கேயோ கிடந்ததைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாராம். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.