கட்டக்கோரையும் வினிகரும்: புற்றுநோய் ஆராய்ச்சியை எதை வைத்து அளப்பது?

பாம்பன் அருகே சின்னப்பாலம் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கடலில் இறங்கும் முன் விரலுக்கு விரல் துணி சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். அப்படிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “காலேஜ் பிள்ளைக ஒரு பை கட்டக்கோரைப் பாசி வாங்கிட்டுப் போச்சுக. புத்துநோய்க்கு மருந்தாம்ல தங்கச்சி, எப்ப வரும்?”

அந்தப் பை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காயவைத்துப் பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அதை ஹீலா செல்களின் மேல் விடுவார்கள். 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்து, இன்றுவரை ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல்கள் அவை. கொஞ்சம் செத்தால் ஒரு கட்டுரை. அது ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் ஏறினால், இந்தியாவின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

இந்தியா, சீனா, பிரேசில் போன்ற வளரும் பொருளாதாரங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது இந்தக் கட்டுரை எண்ணிக்கையைத்தான். காரணம் எளிது: ஒரு தேடல் சொல்லைத் தட்டினால் எல்லா நாட்டுக்கும் எண் வந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்குள் பல கோளாறுகள். ஆங்கிலத்தில் எழுதாதவர்கள் பாதி கண்ணில் படுவதில்லை. பிரேசிலின் போர்ச்சுக்கீசிய இதழ்களைப் பார்க்க அவர்களின் சியெலோ என்ற இணையதளத்துக்குத்தான் போக வேண்டும். பத்து நாடுகள் சேர்ந்து எழுதிய கட்டுரையை இந்தியாவுக்கு முழுசாக ஒன்று என்று போடுவதா, பத்தில் ஒரு பங்கு என்று போடுவதா? எப்படிப் போடுகிறோமோ அப்படித் தரவரிசை மாறும். அப்புறம், எதை எண்ணுகிறார்களோ அதைத்தானே ஆட்கள் உற்பத்தி செய்வார்கள்! கட்டுரைக்குக் காசு கொடுத்துப் பழகிய சீனாவே 2020 பிப்ரவரியில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. நம் ஊரிலும் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022இல்தான் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எடுத்தது.

கடல் ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் சைட்டராபினுக்கும், மார்பகப் புற்றுக்கான எரிபுலினுக்கும் வழிகாட்டியது கடல் பஞ்சு என்ற கடல் உயிரிதான். ஆனால் பைக்கும் ஊசிக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் கிடக்கின்றன.

மேற்கோள் எண்ணிக்கை, அதாவது ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை சுட்டினார்கள் என்பது, கட்டுரை எண்ணிக்கையைவிட மேல் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பெரிய பன்னாட்டுச் சோதனையில் நம் மருத்துவமனை ஒன்று பத்தோடு பதினொன்றாகச் சேர்ந்தாலே மேற்கோள் குவிந்துவிடும்.

மருத்துவச் சோதனைகளை எண்ணுவது இன்னொரு வழி. இந்தியாவில் இதற்கென, மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் சிடிஆர்ஐ என்ற சோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். இங்கே ஆய்வகச் செல்களும் இல்லை, பாசியும் இல்லை, நோயாளிகள்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எண்ண முடியாது. எம்.டி. மாணவரின் ஆய்வேடும் அதில் இருக்கும், வெளிநாட்டு மருந்து நிறுவனம் இங்கே ஆள் சேர்க்கும் சோதனையும் இருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது ‘ஸ்பான்சர்’ என்ற கட்டத்தைத்தான்: கேள்வி யாருடையது? மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் மருந்தை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு 240. மருந்து விலை கட்டுப்படியாகாத ஊரில்தான் இந்தக் கேள்வி பிறக்கும்.

இதற்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வை வையுங்கள். 2000இல் தொடங்கி, 114 தொகுதிகளாகப் பிரித்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசெடிக் அமிலம் தடவி, அதாவது வினிகர் மாதிரியான ஒன்றைத் தடவி, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடக்காத பகுதிகளைவிட, நடந்த பகுதிகளில் அந்தப் புற்றால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு.

இப்போது கணக்குக்கு வருவோம். கட்டக்கோரைச் சாற்றை ஹீலாவில் விட்டதும் ‘கருப்பை வாய்ப் புற்று’ என்ற சொல்லில் சிக்கும். திண்டுக்கல் ஆய்வும் சிக்கும். கட்டுரை எண்ணிக்கையில் அது ஒன்று, இதுவும் ஒன்று.

ஆகவே என் ஓட்டு, சோதனைப் பதிவேட்டையும், எந்த ஊரில் யாருக்கு எந்தப் புற்று என்று குறித்துவைக்கும் நோய்ப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு. ஒரு நாட்டில் எந்தப் புற்று எவ்வளவு, அதற்கு எவ்வளவு ஆராய்ச்சி என்று ஒப்பிடுவது. மெனக்கெடல்தான், ஏனென்றால் நோய்ப் பதிவேடே ஒழுங்காக இருக்க வேண்டும். சென்னைக்கு 1980களின் தொடக்கத்திலிருந்தே அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு உண்டு. கடற்கரைக்காரர்கள் சிகிச்சைக்கு மதுரை போய், சொந்தக்காரர் வீட்டு முகவரியை எழுதிவிட்டு வந்தால்? பதிவேடு வசிக்கும் ஊரை வைத்துத்தான் எண்ணும். சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் ராமநாதபுரத்துப் புற்று மதுரைப் புற்றாகிவிடும்.

அக்காவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. மருந்து வர நாளாகும் என்றேன். “நீங்க கருப்பை வாய் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். “அதுக்கு ஒரு நாள் பொழப்பு போயிருமே தங்கச்சி.” கடைசி விரலின் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.